கூரையைத் திறந்தவர்கள்



கப்பர்நாகும் ஊரிலே நடந்த ஒரு நிகழ்ச்சியை மாற்கு நற்செய்தியின் 2ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். திமிர்வாதக்காரன் ஒருவனை நான்கு பேர் சுமந்து வருகிறார்கள். வாசலிலே சனநெருக்கம், உள்ளே போக வழியில்லை. அவர்கள் திரும்பிப் போகவில்லை. வீட்டுக் கூரையைத் திறந்து, படுக்கையோடு அவனை ஆண்டவர் முன் இறக்கிவிடுகிறார்கள். அந்த நால்வரின் விசுவாசத்தையும் ஆண்டவர் கண்டார் என்கிறது நற்செய்தி.

அப்படிச் சுமந்து செல்லப்பட வேண்டிய ஒருவன் இன்று நம் மத்தியிலும் இருக்கிறான். அவன் போதைவஸ்தை ஊசியால் ஏற்றிக்கொள்பவன். நமது நாட்டில் ஹெரோயினைப் புகையாக இழுப்பவர்களே அதிகம். ஆயினும் ஊசியை நாடுவோரும் உண்டு. அவனுக்குக் காசநோயும் இருக்கக்கூடும் என்ற எண்ணம் வீட்டாருக்கு எளிதில் வருவதில்லை.

ஏன் வருவதில்லை? காசநோயின் அடையாளங்களைப் பாருங்கள். இரண்டு கிழமைக்கு மேலாக நீடிக்கும் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, பசியின்மை, உடல் மெலிவு, சிலவேளை சளியில் இரத்தம். இவற்றுள் பலவற்றைப் போதையில் அகப்பட்டவனிடம் வீட்டார் முன்னரே கண்டிருக்கிறார்கள். போதை கிடைக்காத இரவில் அவனுக்கு வியர்க்கும், சோற்றை ஒதுக்குவான், எலும்பும் தோலுமாவான். "தூள் தின்ற உடம்பு" என்று சொல்லித் தாயும் தகப்பனும் கண்ணீரோடு இருந்துவிடுகிறார்கள். போதாததற்கு, அபினிலிருந்து வரும் ஹெரோயினுக்கு இருமலை அடக்கும் தன்மையும் உண்டு. நோய் நெஞ்சை அரிக்கும்போதும் வெளியே அமைதியாகத் தோன்றலாம்.

காசநோய்க் கிருமியை 1882ஆம் ஆண்டு றொபேட் கொக் என்ற ஜேர்மன் வைத்தியர் கண்டறிந்தார். அது காற்றினால் பரவுவது. நுரையீரலில் நோயுள்ளவர் இருமும்போது கிருமி காற்றில் கலக்கிறது. பிறர் கண்ணுக்கு மறைந்து, கதவு யன்னலைப் பூட்டிய அறையிலே நாலைந்து பேர் கூடியிருந்தால் ஒருவனின் மூச்சே மற்றவனுக்கு நஞ்சாகலாம். ஊசி வேறொரு வழியில் துணைபோகிறது. ஒருவன் குத்திய ஊசியை இன்னொருவன் எடுக்கும்போது எச்.ஐ.வி. கிருமி தொற்றலாம். அது உடலின் காவலை உடைத்துவிட, உள்ளே உறங்கிக் கிடந்த காசநோய்க் கிருமி விழித்துக்கொள்கிறது.

"முதலில் பழக்கத்தை விடட்டும், பிறகு வைத்தியம் பார்ப்போம்" என்று சொல்லாதீர்கள். நோய் அதுவரை காத்திராது. 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 12 இலட்சத்து 50 ஆயிரம் பேர் காசநோயால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்தது. ஆயினும் இது குணமாகும் நோய். அரசாங்க மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்தில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். வழமையாக 6 மாதம் மருந்து எடுக்க வேண்டும். சிறுநீர் செம்மஞ்சளாகப் போனால் அஞ்ச வேண்டாம். அது மருந்தின் நிறம். சுகம் தெரிகிறதென்று இடையில் நிறுத்தினால், மருந்துக்கு அடங்காத காசநோயாக அது மாறக்கூடும். ஆகவே ஒவ்வொரு நாளும் ஒருவர் கண்முன்னே குளிசையை விழுங்கச் செய்வது நல்லது. போதைப் பழக்கத்தை வைத்தியரிடம் ஒளிக்கவும் வேண்டாம். ஊசியால் ஈரல் அழற்சி வந்திருந்தால், அதை அறிந்தே அவர் மருந்தைக் கவனிக்க வேண்டும். வீட்டிலுள்ள மற்றவர்களையும், சிறப்பாகச் சிறு பிள்ளைகளையும், பரிசோதிக்கச் செய்யுங்கள்.

"ஊருக்குத் தெரிந்தால் மகளின் கலியாணப் பேச்சுக் குழம்பிவிடுமே" என்று அஞ்சும் பெற்றோரே, குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாள் 1897இல் தமது 24ஆம் வயதில் இறந்தது இந்தக் காசநோயினால்தான். சீன வைத்தியரான புனித மாற்கு ஜி தியான்ஷியாங் வயிற்று நோய்க்கு அபின் எடுத்து அதற்கு அடிமையானவர். சுமார் 30 ஆண்டுகள் திருவருட்சாதனங்கள் அவருக்கு மறுக்கப்பட்டன. ஆலயத்தை அவர் விடவில்லை; பழக்கமும் அவரை விடவில்லை. 1900ஆம் ஆண்டு விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தார். 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாம் திகதி, தெரேசம்மாளின் திருநாளன்றே, திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. நோயையும் பலவீனத்தையும் கண்டு இறைவன் முகத்தைத் திருப்புவதில்லை. நாம் திருப்பலாமா?

கப்பர்நாகுமிலே சுமந்தவர்கள் நால்வர். ஒரு தாய் தனியே சுமக்க முடியாது. தமையன் ஒரு மூலையைப் பிடிக்கட்டும். அயலவர் ஒரு மூலையை. பங்குச் சமூகம் ஒரு மூலையை. உங்கள் ஒழுங்கையில் மெலிந்து இருமித் திரியும் அந்தப் பிள்ளையின் பெயர் உங்களுக்குத் தெரியும். இந்தக் கிழமையே அவனைச் சிகிச்சை நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அவன் வர மறுத்தால் மறுநாளும் போய்க் கேளுங்கள். வாசல் அடைபட்டிருந்தால், கூரை இருக்கிறது.

இரக்கமுள்ள ஆண்டவர் உங்கள் கரங்களுக்குப் பலம் தருவாராக.