கூட நிற்பதும் தர்மமே

1989-இல் இலங்கையில், காணாமற்போனோருக்காக வாதாடிய வழக்கறிஞர்களின் உயிருக்கு ஆபத்து. பீஸ் பிரிகேட்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பின் வெளிநாட்டுத் தொண்டர்கள் அவர்களுக்குத் துணையாகக் கூடவே இருந்தார்கள். கையில் ஆயுதம் இல்லை. ‘வெளியுலகம் பார்க்கிறது’ என்பதே காவல்.

ஒரு கேள்வி உறுத்துகிறது. வெளிநாட்டுக் கடப்பிதழுக்கு அஞ்சும் கை, சொந்த நாட்டு உயிருக்கு ஏன் அஞ்சவில்லை? எல்லா உயிரிலும் இறைவனைக் காணும் நமக்கு இது அநியாயம்தான். அதற்காக அந்தத் துணையே வேண்டாம் என்பதா? உயிர் பிழைத்தால்தானே நியாயம் பேச முடியும்! ஆனால் பக்கத்து வீட்டுக்காரனின் பார்வைக்கும் அதே மதிப்பு வரணும். அதை நாம்தான் தொடங்கணும்.

இளைஞர்களே, கோலா கிளாவாங் தோட்டத்தில் ஒருவர் சம்பளப் பாக்கிக்காகத் தனியாகத் தொழிலாளர் இலாகாவுக்குப் புறப்பட்டால், ‘நமக்கேன் வம்பு’ன்னு ஒதுங்காதீங்க. நாலு பேர் கூடப் போங்க. சுவாமியின் அபயக் கரம் சொல்லும் ‘அஞ்சாதே’ அவருக்கும் கேட்கட்டும்.