ஆடாத ஆட்டம்

டென்னிஸ் உலகத்தார் கணக்கில் கெட்டிக்காரர்கள். யார் எத்தனை பட்டம் வென்றார், எத்தனை மணி நேரம் ஆடினார், எந்த ஆண்டு யாரிடம் தோற்றார் என்று ஒன்றுவிடாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். பெரிய போட்டிகள் நான்கிலும் பெடரர் பெற்ற ஒற்றையர் பட்டங்கள் 20, நடால் பெற்றவை 22, 2023-இல் ஜோகோவிச் எட்டியது 24 என்று சின்னப் பையன்கள்கூட வாய்ப்பாடு போல ஒப்பிக்கிறார்கள்.

அந்தப் பேரேட்டில் 1974-ஆம் ஆண்டுக்கு எதிரே, டேவிஸ் கோப்பை வரிசையில், ஒரு விசித்திரமான பதிவு இருக்கிறது. வென்ற நாடு தென்னாப்பிரிக்கா. எதிர் நாடு இந்தியா. எத்தனைக்கு எத்தனை என்று குறிக்க வேண்டிய இடத்தில் எண் இல்லை. ஆட்டமே நடக்கவில்லை.

அந்த ஆண்டு இந்தியா இறுதிப் போட்டிக்கு வந்தது அதிர்ஷ்டத்தால் அல்ல. கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவை 3-2 என்று வென்றது. அந்த ஒரு மோதலில் மட்டும் 327 'கேம்'கள் ஆடப்பட்டன. பின்பு பூனாவில் சோவியத் அணியையும் வென்றது. அணியின் முதுகெலும்பாக நின்றவர்கள் நம் சென்னையைச் சேர்ந்த அமிர்தராஜ் சகோதரர்கள். ஆனந்துக்கு அப்போது வயது 22. விஜய்க்கு 21 கூட நிறையவில்லை. அதுவரை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளைத் தவிர வேறு யாரும் அந்தக் கோப்பையை வென்றதில்லை. இந்த நிலையில்தான், நிறவெறி நாட்டோடு ஆடுவதில்லை என்று இந்திய அரசு முடிவு செய்தது. கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போயிற்று.

காரணத்தைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. 1860-இல் சென்னையிலிருந்து கப்பலேறி நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்கள் நம்மவர்கள். அங்கே சிறை சென்று, வெளியே வந்த சில நாட்களில் 1914-இல் உயிர் நீத்த தில்லையாடி வள்ளியம்மைக்கு வயது பதினாறுதான். தோலின் நிறத்தைப் பார்த்து வீட்டையும், பள்ளியையும், ரயில் பெட்டியையும், விளையாட்டுத் திடலையும் பங்கிட்ட நாடு அது. அந்த நாட்டோடு வாணிபத்தை 1946-லேயே நிறுத்திக்கொண்டது இந்தியா. பண்டத்தை மறுத்தவர்கள் பந்தை மட்டும் எப்படி ஏற்பது?

ஆனால் விஷயம் இவ்வளவு சுலபமானதல்ல என்று எனக்கு உணர்த்தினார் ஒரு நண்பர். ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பருத்திப்பட்டு ஏரிக்கரைக்கு மாலையில் உலாவ வருவார். இந்தக் கதையைச் சொன்னதும் அவர் நின்றுவிட்டார்.

"எல்லாம் சரி ஸார். தன் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தால் தர்மம். அடுத்தவன் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தால் அதற்கு என்ன பெயர்? முடிவு செய்தவர்கள் டில்லியில் இருந்தார்கள். இழந்தது இரண்டு பிள்ளைகள். அப்புறமாவது அந்தக் கோப்பை நம் கைக்கு வந்ததா?"

வரவில்லை. 1987-இல் மறுபடி இறுதிக்குப் போய் ஸ்வீடனிடம் தோற்றோம். அவ்வளவுதான்.

நண்பரின் கேள்விக்கு இன்னொரு சென்னைக்காரரின் கதையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 1959-இல் ராமநாதன் கிருஷ்ணனைத் தொழில்முறை ஆட்டக்காரராக்க 1,50,000 டாலர் தர முன்வந்தார் ஜாக் கிராமர். கிருஷ்ணன் மறுத்தார். அந்தக் காலத்தில் பணத்துக்கு ஆடச் சம்மதித்தவருக்கு விம்பிள்டன் கதவும் டேவிஸ் கோப்பைக் கதவும் சாத்தப்பட்டன. மறுத்ததனால்தான் 1960-லும் 1961-லும் அவர் விம்பிள்டன் அரையிறுதியில் நின்றார். 1966-இல் இந்திய அணியை டேவிஸ் கோப்பை இறுதிவரை கொண்டுபோனார். அது அவர் பணம், அவர் முடிவு. அங்கே நண்பர் குறை சொல்ல ஒன்றுமில்லை.

1974-இன் கதை வேறு. எனினும், அந்தக் கோப்பை யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கிறது. விம்பிள்டனில் ஆடுபவன் தன் பெயரில் ஆடுகிறான். அங்கே போகாதே என்று அரசு தடுத்திருந்தால் நானும் நண்பரின் கட்சியில் சேர்ந்திருப்பேன். டேவிஸ் கோப்பையில் ஆடுபவன் நாட்டின் பெயரில் ஆடுகிறான். வென்றால் நாடு வென்றது என்கிறோம். அப்படியானால், மறுக்கும் உரிமையும் நாட்டுக்கு உண்டு.

இன்னொன்றும் உண்டு. டென்னிஸில் ஆட்டம் முடிந்ததும் இருவரும் வலையருகே வந்து கை குலுக்குகிறார்கள். 'நீயும் நானும் சமம். இன்று நீ வென்றாய்' என்பதே அதற்குப் பொருள். மனிதர் சமமில்லை என்று சட்டம் எழுதி வைத்த நாட்டின் கொடிக்கு முன்னால் அந்தக் கைகுலுக்கல் பொய்யாகிவிடும். எதிரே நின்றிருக்கக்கூடிய இளைஞர்கள் தனிப்பட்ட முறையில் நல்லவர்களாகவே இருந்திருக்கலாம். அவர்களை வெறுக்க வேண்டியதில்லை. அவர்கள் ஏந்தி வந்த கொடியை ஏற்க முடியாது, அவ்வளவுதான்.

நிறவெறி ஆட்சி வீழ 1994 வரை ஆயிற்றே, மறுத்து என்ன பயன் என்று கேட்கலாம். பயன் தெரிந்த பிறகுதான் நியாயம் செய்வேன் என்பவன் வியாபாரி. மறுப்பு எதிரியைத் திருத்தாமல் போகலாம். மறுத்தவன் தான் எந்தப் பக்கம் நிற்கிறான் என்பதைத் தனக்குத் தெளிவாக்கிக்கொள்கிறான்.

ஆகவே அரசு செய்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் நண்பர் சொன்னதில் பாதியை என்னால் தள்ள முடியவில்லை. பிறர் இழப்பில் நியாயம் செய்கிறவன் அந்தப் பிறருக்குக் கடன்படுகிறான். ஆடி வென்றவர்களின் எண்களை மனப்பாடம் செய்யும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்த ஆடாத ஆட்டம் தெரியும்?

கடன் அதோடும் தீரவில்லை. மனிதர் சமம் என்று சொல்லி இரண்டு இளைஞர்களின் கோப்பையை விட்டுக்கொடுத்த நாடு நம்முடையது. அதே தமிழ்நாட்டுக் கிராமத்து டீக்கடைகளில், ஒரு சாதிக்கு ஒரு குவளை, இன்னொரு சாதிக்கு வேறு குவளை என்று வைத்திருந்த வழக்கம் 1974-க்குப் பிறகும் வெகுகாலம் இருந்தது. தென்னாப்பிரிக்காவுக்குச் சொன்ன 'மாட்டோம்' என்ற சொல்லை அந்தக் கடை வாசலில் நின்று சொன்னவர்கள் எத்தனை பேர்? அங்கே இழப்பதற்குக் கோப்பைகூட இல்லை. ஒரு குவளைத் தேநீர்தான்.