தனிச் சன்னதி

ஸ்ரீமுஷ்ணத்தில் பூவராகருக்கு ஒரு சன்னதி, அம்புஜவல்லித் தாயாருக்குத் தனிச் சன்னதி. யாரும் காரணம் கேட்பதில்லை. நானும் கணவரும் தன்னார்வப் பணிக்காக வெளிநாடு போய், வெவ்வேறு குடும்பங்களோடு தங்கினோம் என்றதும் அத்தை கேட்டார்: "அவன் சாப்பாட்டுக்கு என்ன பண்ணான்?"

1950இல் திருமணமான பின் ஜெகந்நாதன் வினோபாவோடு பூதானப் பணிக்காக வடக்கே போனார். கிருஷ்ணம்மாள் சென்னையில் ஆசிரியர் பயிற்சி முடித்தார். அந்தப் பிரிவைத் தொண்டு என்றே நினைவுகூர்கிறோம். எங்கள் பிரிவிலும் எனக்குக் குற்றவுணர்வு இல்லை.

உறுத்துவது வேறு. அவர் தங்கிய வீட்டில் அவருக்குச் சமைத்தவளும் ஒரு பெண். அங்கே அவர் விருந்தாளி. என் வீட்டிலோ மூன்றாம் நாளே கரண்டி என் கைக்கு வந்தது. அத்தையின் கேள்விக்குப் பதில் இதுதான்: இன்னொருத்தி சமைத்தாள். அப்படியானால் விடுதலை என் ஒருத்திக்கு மட்டும்தானா?