நோயுற்ற இளமகளும் உழைச்செல்வார் கடனும்

சிவமயம்

சைவநன்மக்களாகிய ஆசிரியர்காள்!

திருவள்ளுவ நாயனார் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளிலே வைத்தியத்துக்கு உறுப்பு நான்கென வகுத்தருளினார். நோயுற்றவர், நோய் தீர்க்கும் வைத்தியர், மருந்து, அம்மருந்தை அருகிருந்து இயற்றிக் கொடுப்பவர் என்பன அவை. இந்நான்காமவருக்கு உழைச்செல்வான் என்பது பெயர். நாயனார் இவரை வைத்தியரின் ஏவலாளராக எண்ணாது, வைத்தியத்தின் காற்கூறாகவே வைத்தார். நாம் வைத்தியரல்லேம், மருந்தின் கூறும் அறியேம். ஆயினும் உழைச்செல்வாராதல் நம்மனைவருக்கும் இயலும்.

இதனை யான் பலமுறை மாணாக்கருக்குக் கற்பித்தேன். ஆனால் என் நடையிற் கற்றிலேன். எங்ஙனமெனிற் கூறுவேன். எம்மோடு ஒரு பாடசாலையிற் கற்பித்த இருபத்தொன்பது வயதுப் பெண்ணொருத்தி, தன் மார்பிலே நோவில்லாத கட்டியொன்றைக் கண்டாள். விவாகப் பேச்சு நிகழுங் காலமாதலின், மூன்று மாசம் எவருக்குஞ் சொல்லாது மறைத்தாள். பின்னர்ப் பரிசோதனையிலே அது புற்றுநோயென்று துணியப்பட்டது. அவள் தாயார் என்னிடம் வந்து அழுதபோது, “எல்லாம் பிராரத்தவினை, அம்மா, அநுபவித்தே தீரவேண்டும்” என்றேன். ஆறுதல் சொல்லிவிட்டதாகவே எண்ணினேன். தாயார் அதனை மகளுக்கு உரைக்க, அவள், “நான் செய்த பாவம் என்னவென்று மாஸ்டர் அறிவாரோ?” என்று கேட்டு, இரண்டு நாள் உணவுகொள்ளாது, வைத்தியசாலைக்குச் செல்லவும் மறுத்துக் கிடந்தாள்.

அச்செய்தி கேட்ட இரவு யான் பெரியபுராணத்தை எடுத்தேன். திருப்பாச்சிலாச்சிராமத்திலே கொல்லிமழவன் மகளை முயலகன் என்னும் நோய் பற்றியது. தந்தை செய்யத்தக்க பரிகாரமெல்லாஞ் செய்தும் தீராமையால், அவளைத் திருக்கோயிலிலே இறைவன் திருமுன்னர் இட்டான். அரசன் மகளாயிருந்தும் அவளை உள்ளறையில் ஒளித்தானல்லன். திருஞானசம்பந்தமூர்த்தி நாயனார் அங்கே எழுந்தருளியபோது, உணர்வின்றிக் கிடந்த அப்பெண்ணைக் கண்டு, இஃது என்னென்று வினவினார். அவள் முற்பிறப்பிற் செய்ததை ஆராய்ந்தாரல்லர். இவள் இங்ஙனம் வாடுதல் பெருமானுக்குத் தகுமோ என்னுங் கருத்துப்பட, இறைவனிடத்தே முறையிட்டுப் பதிகம் பாடினார். அவளும் எழுந்து நடந்து தந்தையை அடைந்தாள். திருக்கொடிமாடச் செங்குன்றூரிலே அடியார்கள் குளிர்சுரத்தால் வருந்தியபோதும், வினையின் பயனிதுவென்று சொல்லி வாளாவிருத்தல் குற்றமென்னும் பொருள் தோன்றத் திருநீலகண்டப் பதிகம் அருளிச்செய்தார்.

வினைக்கொள்கை நம் சமயத்தின் மெய்க்கொள்கை, அதில் ஐயமில்லை. அது தன்னைத்தான் திருத்துதற்பொருட்டுத் தரப்பட்டது. படுக்கையிற் கிடக்கும் பிறர்மேல் எறிதற்கன்று. வைத்தியநாதன் என்னுந் திருநாமத்தோடு புள்ளிருக்குவேளூரில் எழுந்தருளியிருக்கும் பெருமான் வைத்தியர் கையாலும் அருள்செய்வார். ஆதலின் அர்ச்சனையும் ஆஸ்பத்திரியும் தம்முள் மாறல்ல.

மறுநாட் காலை யான் அவள் வீட்டுக்குச் சென்று, என் சொல் தவறென்று ஒப்புக்கொண்டேன். அவள் நெடுநேரம் பேசாதிருந்து, “வெள்ளிக்கிழமை தெல்லிப்பழைக்குப் போகவேண்டும், கூட வருவார் இல்லை” என்றாள். எம் மனைவியார் உடன்சென்றார். அன்றுமுதல் யாம் கற்றவற்றை நும்முன் வைக்கின்றேன்.

இலங்கைப் பெண்களைப் பற்றும் புற்றுநோய்களுள் மார்பகப் புற்றுநோயே முதலிடம் பெற்றது. இளையோருக்கும் இது வருதலுண்டு. மார்பிற் கட்டிகளெல்லாம் புற்றுநோயல்ல, பெரும்பாலன தீங்கற்றவையே. ஆயினும் எதுவென்று துணிதற்கு ஸ்கான் பரிசோதனையும், ஊசியாற் சிறிது தசையெடுத்துப் பார்த்தலும் வேண்டும். நாணத்தால் மறைக்கும் ஒவ்வொரு மாசமும் நோய்க்குக் கொடுக்குங் கொடையாம். இந்நோய் தொற்றாது, ஆதலின் அவள் பாத்திரத்தை வேறாக்குதல் அறியாமையும் கொடுமையுமாம்.

சத்திரசிகிச்சை, இரசாயன சிகிச்சை, கதிர்ச்சிகிச்சை என்பன நோயின் தன்மைக்கேற்ப அமையும். சிலருக்கு அதன்பின் ஐந்தாண்டும் அதற்கு மேலும் மாத்திரை உட்கொள்ளல் வேண்டும். வைத்தியர் சொல்வன கலங்கிய மனத்திற் பதியா. ஆகலின் உடன்செல்பவர் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்க. இஃது ஆசிரியருக்கு எளிய தொண்டு. இரசாயன சிகிச்சையிலே குருதியின் வெண்கலங்கள் குறையுமாதலின், உடல்வெப்பம் 38 பாகை செல்சியசை எட்டின், விடியட்டுமென்று இராது அப்பொழுதே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. வைத்தியர் அறியாமல் எந்த மூலிகையும் கொடுக்கற்க. அச்சிகிச்சை பின்னாளிற் பிள்ளைப்பேற்றைத் தடுத்தலுங் கூடும். ஆதலின் மணமாகாதவளாயினும், அது தொடங்குமுன் இதனை வைத்தியரிடம் வினவ அவளுக்கு உரிமையுண்டு. நாணி அதனை மறைத்தல் பெற்றோர் கடனன்று.

கூந்தல் உதிரும், பெரும்பாலும் மீண்டும் முளைக்கும். அந்நாளில் அவளைக் கண்டு கண்கலங்குவோரும், இன்னாருக்கும் இந்நோய் வந்து இறந்தார் என்போரும் வீட்டுக்குச் செல்லாதிருத்தலே உபகாரம். செல்வோர் சமைத்த உணவோடு சென்று, அவள் பேச விரும்பியதைக் கேட்டுச் சிறிது நேரத்தில் மீளுக. அவள் நோயை ஊரறியச் செய்தல் அவளுக்கே உரியது, நமக்குரியதன்று.

யான் இளமையிற் கற்ற மிஷன் பாடசாலையிலே, மாணாக்கன் நோயுற்றால் ஆசிரியர் அவன் வீட்டுக்குச் செல்வது வழக்கம். அஃது அவர்கள் சமயத்துக்கே உரியதென்று அக்காலத்தில் எண்ணினேன். சூலைநோயால் வருந்தி நள்ளிரவில் வந்த தம்பியாரை, வேற்றுச்சமயம் புகுந்தவரென்று கடியாது, திருநீறளித்துத் திருவதிகைத் திருக்கோயிலுக்கு அழைத்துச்சென்ற திலகவதியாரை அப்போது மறந்திருந்தேன். அவ்வம்மையார் அந்நாட் கடிந்திருப்பின் நமக்குத் திருநாவுக்கரசர் யாண்டையர்?

அப்பெண் இப்பொழுது வகுப்புக்கு மீண்டுள்ளாள். விவாகப் பேச்சு நின்றுபோயிற்று. பரிசோதனை நாள் நெருங்குந்தோறும் அவளை அச்சம் பற்றுகின்றது. அந்நாள்களில் அவள் வகுப்பை யான் பார்த்துக்கொள்கின்றேன். அவ்வளவே என்னால் இயல்வது. நண்பர்காள், நும் பாடசாலையிலும் ஒருத்தி தன் அச்சத்தை மறைத்து நிற்றல் கூடும். அவள் வாய்திறக்கும் நாளில், வினையைப்பற்றிப் பேசாதீர்கள். எப்பொழுது புறப்படவேண்டுமென்று மாத்திரங் கேளுங்கள்.

திருச்சிற்றம்பலம்.