நாள் கணக்கில் ஒரு மணவாழ்க்கை

சிங்கப்பூரின் கேலாங் சிராய் சந்தையில் அதிகாலையிலேயே தேங்காய் துருவும் சத்தம் தொடங்கிவிடும். கணவனும் மனைவியுமாக நடத்தும் கடைகள் அங்கே உண்டு. அப்படியொரு இணை பிரிந்தால், இருபது ஆண்டு உழைப்புக்கு என்ன விலை?

சிங்கப்பூரில் முஸ்லிம் மணவிலக்குகளை விசாரிப்பது 1958இல் தொடங்கிய ஷரியா நீதிமன்றம். அங்கே மனைவிக்கு, மணவிலக்குக்குப் பின் காத்திருக்கும் ‘இத்தா’ காலத்துக்கான பராமரிப்பு உண்டு. பொதுவாக மூன்று மாதம். அதோடு ‘முத்ஆ’ என்ற ஆறுதல் தொகை. அதை மணவாழ்வின் நாள்களை எண்ணிக் கணக்கிடுவது வழக்கம். நாளுக்கு ஐந்து வெள்ளி என்று வைத்துக்கொண்டால், இருபது ஆண்டுக்கு ஏறத்தாழ 36,500 வெள்ளி. குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட இரவும் அதில் ஒரு நாள்தான்.

மற்ற சமயத்தாருக்கு 1961ஆம் ஆண்டின் மாதர் சாசனம். அதில் மாதாமாதம் ஜீவனாம்சம் கேட்கலாம். உடல்நலமிழந்து உழைக்க இயலாத கணவனும் கேட்கலாம் என்று 2016இல் திருத்தம் வந்தது. நியாயமான திருத்தம்.

இந்தியாவில் இந்தூரைச் சேர்ந்த முஸ்லிம் பெண் ஷா பானு, நாற்பதாண்டுக்கும் மேல் கணவனோடு வாழ்ந்த பிறகு மணவிலக்கு செய்யப்பட்டவர். உயர் நீதிமன்றம் அவருக்கு விதித்தது மாதம் 179 ரூபாய் 20 காசு. 1985இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தபோது நாடே கொந்தளித்தது.

ஆறுதல் தொகை என்ற சொல்லில் கனிவு இருக்கிறது. ஆனால் கேலாங் சிராயின் அந்தக் கடையில் பாதி உழைப்பு மனைவியுடையது. அவளுக்குச் சேர வேண்டியதைக் கொடை என்பதா, கடன் என்பதா?