அளந்தறிதலும் ஆசிரியர் கடனும்

நெடுந்தீவில் வளவுகளைச் சூழ்ந்து நிற்கும் முருகைக்கல் மதில்களை நம் தீவகத்தில் அறியாதார் இலர். அக்கல்லில் உள்ளவை கல்சியம், காபன், ஒட்சிசன் என்னும் மூலகங்களாம். அவற்றுட் காபன் எங்கே தோன்றிற்று என மாணவன் வினவினால் ஆசிரியர் கூறும் விடை யாது? "இறைவன் படைத்தான்" என்று மாத்திரம் கூறி வாயடைப்பதோ? "நம் சாத்திரத்தில் எல்லாம் உண்டு" என்று பெருமை பேசுவதோ? இரண்டும் தகா என்பதே நம் துணிபு.

காட்சி, கருதல், உரை என அளவை மூன்றென்பது நம் சித்தாந்தம். காபனின் வரலாறு முன்னிரண்டிற்கும் நல்லுதாரணமாகும். விண்மீன்களின் அகத்தே மூன்று ஈலியக் கருக்கள் கூடிக் காபன் ஆகும். அக்கூட்டம் மிக அரிதாதலின், உலகிலுள்ள காபன் முழுவதும் அவ்வழி வந்ததென்றல் பொருந்தாதிருந்தது. ஆங்கில அறிஞர் பிரெட் ஹொய்ல், "காபன் உளது, ஆதலின் அதன் கருவில் இக்கூட்டத்துக்கு இயைந்த ஆற்றல்நிலை ஒன்று இருத்தல் வேண்டும்" எனக் கருதினார். புகை கண்டு தீ உண்டென்பது போல்வது அது. கலிபோர்ணியாவில் வில்லியம் பவுலர் முதலியோர் முதலில் ஐயுற்றனர். ஐயுற்றும் இகழ்ந்து விட்டாரல்லர். அவ்வாய்வுகூடத்தார் 1953 இல் அளந்து பார்த்தனர், அந்நிலை இருந்தது. அப்பவுலரே 1983 இல், தமிழ்க் குடும்பத்திற் பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகரோடு நோபெற் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.

காபனோடு மற்றோர் ஈலியக் கரு சேர்ந்து ஒட்சிசன் ஆகும் வேகமோ இன்றும் ஐயமற அளக்கப்பட்டிலது. விண்மீனுக்குரிய ஆற்றலில் அது நிகழ்தல் மிக மிக அரிது. ஆதலின் மிகுந்த ஆற்றலில் அளந்து, குறைந்த ஆற்றலுக்குரியதைக் கருதிப் பெறுகின்றனர். பெற்ற எண்ணோடு பிழையின் எல்லையையும் மறையாது எழுதுகின்றனர். வாய்மையென்பது இதுவன்றோ?

அற்றேல், நிமித்த காரணனாகிய இறைவனுக்கு இடம் யாதெனின், கூறுதும். குடத்துக்கு மண் இன்னது, திரிகை இன்னது என ஆராய்ந்தவன் குயவனை மறுத்தவன் அல்லன், கண்டவனும் அல்லன். விண்மீனாகிய உலை எவ்வாறு எரிந்தது என்பதை ஆய்வுகூடம் கூறும். உயிர்களின் பொருட்டே உலகு தொழிற்படுகின்றது என்பதை ஆகமம் கூறும். ஒன்றன் சான்றை மற்றொன்றுக்குக் காட்டுதல் இரண்டையும் பழுதாக்கும்.

ஆதலின், ஆசிரியர்காள்! "இது கண்டது, இது கருதியது, இது ஆகமம் உரைத்தது, இவ்விடத்து நமக்கு ஐயம் உண்டு" எனப் பிரித்துக் கூறுமின். பொய்ச்சான்றின்மேல் நிறுத்திய பத்தி, மாணவன் வளர்ந்து நூல் பல கற்கும் அன்றே சாயும். அன்று அவன் கைவிடுவது ஆசிரியரை மாத்திரமன்று, சைவத்தையுமாம்.