மெலியாரோடு ஆடுதல்: சூதவையில் வல்லவன் ஒழுக்கம் குறித்த ஓர் அறவியல் நோக்கு

சூது தீது என்பது தமிழ் அறநூல்களின் பொதுக்கருத்து. திருக்குறளின் சூது அதிகாரம் ஆடுவோன் பொருளும் பெருமையும் இழந்து கெடுவதை விரித்துரைக்கிறது. அவன் வென்ற பொருளையும் மீன் விழுங்கிய தூண்டில் இரையாகவே காண்கிறது. ஆனால் ஆட்டத்தில் வல்லவன் ஒருவன், வல்லமையற்ற ஒருவனை எதிரே அமர்த்தி ஆடும்போது அவன்பால் எவ்வாறு ஒழுகவேண்டும் என்னும் வினா அங்கு எழவில்லை. எளியவனை நெருக்கப் புகுவோன், தன்னினும் ஆற்றல் மிக்கவன்முன் தான் நின்ற நிலையை எண்ணிப் பார்க்கவேண்டும் என்னும் கருத்து அருளுடைமை அதிகாரத்தின் இறுதியில் உள்ளது. முன்னது பொருட்பால், பின்னது அறத்துப்பால். இவ்விரண்டையும் ஒருங்குவைத்து நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சியாகும்.

இந்நோக்கிற்கு ஏற்ற களம் பாரதத்தின் சூதவை. புனே நகரில் 1917-இல் நிறுவப்பெற்ற பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் 1919-இல் தொடங்கி 1966-இல் நிறைவு செய்த மகாபாரதச் செம்பதிப்பு ஈண்டு அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. அதில் சபா பருவத்தைப் பதிப்பித்தவர் பிராங்ளின் எட்ஜர்டன்.

எலும்புக் கவறு

சகுனியின் கவறு அவன் தந்தையின் எலும்பால் ஆனது என்றும், அவன் வேண்டியவாறே விழும் என்றும் நாட்டுப்புறக் கதைகள் கூறும். செம்பதிப்பின் சூதுக் காட்சியில் இக்கதை இல்லை. சகுனி வஞ்சத்தை மேற்கொண்டு வென்றான் என்று மீண்டும் மீண்டும் கூறும் அப்பாடம், அது எத்தகைய வஞ்சம் என்பதை விளக்கவில்லை. எலும்புக் கவறு நமக்கு ஒரு வசதி என்றே கூறலாம். கவறு பொய்யாயின் அது திருட்டு. வினா அத்துடன் முடிந்துவிடும். கவறு மெய்யாக இருந்து, எதிராளிக்கு ஆடத்தெரியாது என்பது மட்டுமே வெற்றிக்குக் காரணமாயின் என்ன சொல்வது?

சகுனி இதனை நன்கறிந்தவன். தருமனுக்குச் சூதில் விருப்பம் உண்டு, ஆடத்தான் தெரியாது. அழைத்தால் மறுக்கவும் மாட்டான் எனத் துரியோதனனிடம் முன்னரே கூறிவிடுகிறான். அவையில், சூதில் வஞ்சம் பாவம், அதில் மறம் ஏதுமில்லை எனத் தருமன் கூறும்போது சகுனி தரும் விடை கூர்மையானது. வேதம் வல்லான் வல்லாதானையும், அறிஞன் அறியாதானையும் விஞ்சும் நோக்குடனேயே அணுகுகின்றனர். அதனை உலகம் வஞ்சம் என்பதில்லை. அச்சமாயின் ஆட்டத்தை விட்டு விலகுக என்கிறான். அழைத்தபின் விலகுவதில்லை என்பது தன் விரதம் என்கிறான் தருமன்.

சகுனியின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. எனினும் இரண்டு இடங்களில் அது தளர்கிறது. அறிஞனிடம் தோற்றவன் சிறிதேனும் அறிவு பெற்று எழுகிறான்; சூதில் தோற்றவன் இழப்பது எதுவோ அதுவே வென்றவன் பெறுவது. அடுத்தது இதனினும் முக்கியமானது. விலகமுடியாதவன் என்று அறிந்தே ஒருவனைத் தேர்ந்தெடுத்துவிட்டு, விலகலாமே என்று அவனிடம் சொல்வது விடுதலை தருவதாகாது.

இன்றைய மேசை

போக்கர் சீட்டாட்டத்தில் தேர்ந்தோரிடையே சில மரபுகள் உள. புதியவன் தவறாக ஆடி வென்றால் அவனை இகழக்கூடாது. அவன் பிழையை மேசையிலேயே எடுத்துக்காட்டக்கூடாது. உறுதியான சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, காட்டாமல் காலந்தாழ்த்தி அவனை ஏமாறவிடக்கூடாது. இவை நாகரிகமாகவே தோன்றும். ஆனால் முதலிரண்டுக்கும் சொல்லப்படும் காரணத்தைக் கேட்டால் வேறொரு முகம் தெரியும்: மனம் புண்பட்டால் அவன் எழுந்து போய்விடுவான், அவனுடன் அவன் பணமும் போய்விடும், பிழையை உணர்ந்தால் திருந்திவிடுவான். ஒரே இன்சொல் மதிப்பாகவும் இருக்கலாம், தூண்டில் இரையாகவும் இருக்கலாம். எதிராளி எழுந்து செல்ல விரும்பும்போது வல்லவன் முகம் எவ்வாறு மாறுகிறது என்பதைக் கொண்டே அதனை அறியமுடியும்.

சட்டம் இவ்விடத்தில் வேறு வினாவை எழுப்பியது. ரம்மி பெரும்பாலும் திறன்சார்ந்த ஆட்டம் என உச்சநீதிமன்றம் 1968-இல் கூறியது. திறனா, வாய்ப்பா என்பதே நெடுங்காலம் அளவுகோலாக இருந்தது. அறவியல் நோக்கில் இவ்வளவுகோல் தலைகீழானது. முற்றிலும் வாய்ப்பால் அமையும் ஆட்டத்தில் மெலியார் என்று எவரும் இலர்; திறன் மிகுமிடத்தேதான் வலியாரும் மெலியாரும் தோன்றுகின்றனர். சட்டம் குற்றமில்லை என்று விடுவிக்கும் இடத்திலேயே சகுனியின் வினா தொடங்குகிறது. 2025-இல் நாடாளுமன்றம் இயற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம் திறன், வாய்ப்பு என்னும் வேறுபாடு கருதாமல் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்தது. நேரில் அமர்ந்தாடும் மேசை அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது.

நளனும் கங்கனும்

பாரதத்திலேயே இதற்கு மாற்றான காட்சி ஒன்று உண்டு. புட்கரன் நளனிடம் நாட்டை வென்றபின் சிரித்துக்கொண்டே தமயந்தியைப் பணயமாகக் கேட்கிறான். மெலிந்தவனை இகழும் வென்றவனின் ஒழுக்கம் அது. பின்னர் இருதுபர்ணனிடம் கவற்றின் நுட்பம் கற்று மீளும் நளன், ஒரே ஆட்டத்தில் அனைத்தையும் மீட்கிறான். முன்பு தன்னை வென்றது கலியே, நீயல்லன் என்று புட்கரனிடம் கூறி, அவனுக்குரிய பங்கையும் அளித்து விடுக்கிறான். தோற்றவன் எழுந்து செல்ல வழி தந்தான் என்பதே இங்குக் கருதத்தக்கது.

இக்கதையைத் தருமனுக்குக் கூறிய பிருகதசுவர் அந்நுட்பத்தையும் அவனுக்குக் கற்பிக்கிறார். கற்றதைத் தருமன் என்ன செய்தான்? விராடன் அவையில் கங்கன் என்னும் பெயரில் அமர்ந்து, அங்குள்ளோரை நூலிற் கட்டிய பறவைகளைப் போல் விருப்பம்போல் ஆட்டுவித்தான். வென்ற பொருளை அரசன் அறியாமல் தம்பியர்க்குப் பகிர்ந்தளித்தான். உரையாசிரியர்களைவிட நாம் இவ்விடத்தில் சற்றுத் தயங்கி நிற்கலாம். அஞ்ஞாதவாசத்தின் முடிவில், மகன் வென்றான் என்னும் களிப்பில் விராடன் ஆட அழைக்கும்போதுதான் கங்கன் தடுக்கிறான்; களிப்பில் இருப்பவனோடு ஆடலாகாது, சூதில் அரசிழந்த யுதிஷ்டிரனைக் கேள்விப்பட்டிருப்பாய் என்கிறான். விராடன் கேட்கவில்லை. கவறு உருளத் தொடங்குகிறது. சிறிது நேரத்தில் அதே கவற்றை அரசன் கங்கன் முகத்தில் எறிகிறான்.